துணி டிரையர் நிற்காமல் ஓடுகிறதா? நீங்கள் செய்ய வேண்டியதும் தொடக் கூடாததும்

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. தோட்டத்து லயன் வீடுகளில் அடுப்பங்கரைக்கு மேலே கயிறு கட்டிப் பள்ளிச் சீருடையைக் காயவைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பலர் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டோம். துணி காயப்போட ஒரு சிறிய யார்டுதான் உண்டு. அதிலும் சாரல் அடிக்கும். அதனால் துணி உலர்த்தும் இயந்திரம், அதாவது டிரையர், பல வீடுகளில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது.

அந்த டிரையரைப் பற்றி அடிக்கடி கேட்கும் புகார், "போட்டால் நிற்பதே இல்லை" என்பது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை நான்கு மணி நேரம் இழுக்கிறது. அல்லது பொத்தானை அழுத்தினாலும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்பதற்கு ஒரே புகார் போலத் தெரிந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

ஒன்று, துணி காய்ந்துவிட்டது என்பது இயந்திரத்துக்குத் தெரியாமல் ஓடுவது. இதைப் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்யலாம். மற்றொன்று, நிறுத்தச் சொல்லியும் நிற்காதது. இது மின்கோளாறு, நம் கை படக் கூடாது. எந்த வகை என்று பிரித்தறியத் தெரிந்தால் பணமும் மிஞ்சும், ஆபத்தும் விலகும்.

முதல் ஐந்து நிமிடம்

காரணம் தேடுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். முகப்பில் உள்ள பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். நிற்கவில்லை என்றால் மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம். சுவரில் உள்ள சுவிட்சை அடைத்துவிடுங்கள். நம் நாட்டு மூன்று முனை பிளக் பாயிண்டுகளில் பெரும்பாலும் சுவிட்சும் சேர்ந்தே இருப்பது நமக்கு வசதி. பிளக் சூடாக இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, சுவிட்ச் இயந்திரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ நேராக வாசல் பக்கத்து மின்பெட்டிக்குப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்குங்கள். ஈரக் கையோடு பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

புகை வந்தால் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் துணிக்குக் காற்று கிடைத்தால் தீ குபீரென்று பற்றிக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்து, வீட்டில் உள்ளவர்களை வெளியே அழைத்துச் சென்று, 999-க்கு அழையுங்கள். மின்சாரம் ஓடும் இயந்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

புகையோ வாடையோ இல்லை என்றால், டிரம் முழுதாக நின்ற பிறகு கதவைத் திறந்து துணிகளை உடனே வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. டிரையர் தன் வேலையை முடிக்கும்போது கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாத காற்றை ஓட்டித் துணியை ஆறவைக்கும். நாம் பாதியில் நிறுத்தினால் அந்த ஆறும் நேரம் கிடைக்காது. சூடான துணி குவியலாகவே கிடந்தால் நடுவில் உள்ள வெப்பம் வெளியேற வழியில்லை.

அதிலும் எண்ணெய் பட்ட துணி இருந்தால் ஆபத்து கூடும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பயன்படுத்திய துண்டு, சமையலறைக் கைத்துணி, விளக்குத் துடைத்த துணி போன்றவற்றில் ஊறிய எண்ணெய் ஒருமுறை சோப்புப் போட்டதும் முழுதாகப் போய்விடாது. நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் காற்றோடு சேரும்போது தாமாகவே வெப்பத்தை வெளியிடுபவை. டிரையர் சூடும் சேர்ந்து, துணி குவிந்தும் கிடந்தால், இயந்திரத்தை அடைத்த பிறகும் அது பற்றிக்கொள்ளக்கூடும். இத்தகைய துணிகளை டிரையரில் போடாமல் கொடியில் காயவைப்பதே நல்லது.

உண்மையிலேயே பழுதா?

பழுது என்று நாம் நினைக்கும் சில விஷயங்கள் இயந்திரத்தின் இயல்பான வேலைதான். துணி காய்ந்து மணி அடித்த பிறகும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை டிரம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நின்றால், அது துணி கசங்காமல் இருக்கச் செய்யும் வேலை. அப்போது சூடு இருக்காது. கதவைத் திறந்தாலோ பொத்தானை அழுத்தினாலோ நின்றுவிடும்.

திரையில் காட்டும் நேரமும் ஒரு மதிப்பீடுதான். ஈரம் இன்னும் இருப்பதாகத் தெரிந்தால் இயந்திரம் அந்த எண்ணை நிறுத்தி வைக்கும் அல்லது கூட்டிவிடும்.

உங்கள் டிரையர் எந்த வகை என்பதையும் பாருங்கள். சூடான ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகைக்கு ஒரு சுமை துணியைக் காயவைக்க ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஹீட் பம்ப் வகை குறைந்த சூட்டில் மெதுவாகக் காயவைக்கும். அதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் பிடிப்பது இயல்பு. பழைய டிரையரை மாற்றிப் புதிதாக ஹீட் பம்ப் வாங்கியவர்கள் "இது நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஒரே சோதனையில் பிரித்தறியலாம்

பெரும்பாலான டிரையர்களில் இரண்டு வழி உண்டு. ஒன்று, துணியின் ஈரத்தைப் பார்த்துத் தானே நிற்கும் ஆட்டோ முறை. மற்றொன்று, இத்தனை நிமிடம் என்று நாம் நேரம் குறிக்கும் முறை.

லேசான ஈரமுள்ள இரண்டு துண்டுகளைப் போட்டு, நேரம் குறிக்கும் முறையில் 20 நிமிடம் வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள்.

20 நிமிடத்தில் நின்றுவிட்டால் டைமரும் சுவிட்சும் நன்றாக இருக்கின்றன. சிக்கல் ஆட்டோ முறையில், அதாவது இயந்திரம் ஈரத்தைக் கணக்கிடும் இடத்தில் இருக்கிறது. நேரம் கடந்தும் ஓடினால் டைமரோ, மின்பலகையோ, ரிலேயோ கெட்டிருக்கலாம். அதோடு சோதனையை முடித்துக்கொண்டு சுவிட்சை அடைத்துவிடுங்கள்.

முதல் வகை: காய்ந்தது தெரியாமல் ஓடுவது

கீழே உள்ளவற்றை இதே வரிசையில் பாருங்கள். ஒவ்வொன்றையும் பிளக்கைக் கழற்றிய பிறகே செய்யுங்கள்.

1. துணி எவ்வளவு ஈரத்தோடு உள்ளே போகிறது? சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த துணியைக் கையால் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் குறை டிரையரில் இல்லை. சலவை இயந்திரம் சரியாகச் சுழற்றிப் பிழியவில்லை. எவ்வளவு நல்ல டிரையராக இருந்தாலும் சொட்டும் துணியை நேரத்துக்குக் காயவைக்க முடியாது.

2. துணி சுருண்டு உருண்டையாகி இருக்கிறதா? மெத்தை விரிப்பு, போர்வை உறை, புடவை, வேட்டி ஆகியவை சுற்றும்போது மற்றத் துணிகளை உள்ளே சுருட்டிக்கொள்ளும். வெளியே காய்ந்து, நடுவே ஈரமாகவே இருக்கும். அந்த ஈரம் தீரும் வரை இயந்திரம் நிற்காது. நீளமான துணிகளைத் தனியாகப் போடுங்கள். தடித்த ஜீன்ஸையும் மெல்லிய சட்டையையும் கலக்காதீர்கள். டிரம்மில் மேல் பாதியாவது காலியாக இருக்கட்டும்.

3. பஞ்சு வலை. துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் வலையை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்ய வேண்டும். பஞ்சை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. துணி மிருதுவாக்கும் திரவமும் வாசனைத் தாளும் வலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் போலப் படியும். வலையைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் உடனே வடியாமல் மேலே தேங்கினால் படலம் இருக்கிறது. சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்கு காயவைத்துப் பொருத்துங்கள்.

4. காற்றுப் போகும் வழி. ஈரக்காற்று வெளியேறவில்லை என்றால் துணி காயாது. பின்னால் உள்ள குழாய் மடங்கியோ, சுவரோடு நசுங்கியோ, உள்ளே பஞ்சு அடைத்தோ இருக்கலாம். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. குழாயை வெளியே விடாமல் யார்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, மழைக்காக ஜன்னலையும் அடைத்துவிடுவோம். வெளியே தள்ளிய ஈரக்காற்றையே இயந்திரம் மறுபடி உள்ளே இழுக்கும். டிரையர் ஓடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழாயின் வாயை வெளிப்பக்கம் திருப்புங்கள். குழாய் இல்லாமல் தண்ணீர்த் தொட்டி உள்ள வகை என்றால் தொட்டியைக் காலி செய்து, கீழே உள்ள மூடியைத் திறந்து கையேட்டில் சொல்லியபடி பஞ்சை நீக்குங்கள்.

5. ஈரத்தை அறியும் சென்சார். பல டிரையர்களில் கதவுக்கு உள்பக்கம், பஞ்சு வலைக்கு அருகே, விரல் நீளத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத் துணி இரண்டின் மேலும் படும்போது மிகச் சிறிய மின்னோட்டம் கடக்கும். துணி காய்ந்தால் அது நின்றுவிடும். இதை வைத்துத்தான் இயந்திரம் முடிவு செய்கிறது. பட்டையில் படலம் படிந்தால் கணக்குத் தவறும். பெரும்பாலும் ஈரமாக இருக்கும்போதே நிறுத்திவிடும். மாறாக, பட்டைகளுக்கு இடையே ஈரப்பஞ்சு ஒட்டிப் பாலம் போட்டுவிட்டால் "இன்னும் ஈரம்" என்றே நினைத்து ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

6. சூடு வருகிறதா? பிளக்கை மீண்டும் மாட்டிப் பத்து நிமிடம் ஓடிய பிறகு கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பே இல்லை என்றால் சூடேற்றும் காயிலோ, அதைக் காக்கும் வெப்ப பியூசோ போயிருக்கலாம். சுழல் டைமர் உள்ள சில பழைய டிரையர்களில், ஆட்டோ முறையில் டிரம் போதிய சூட்டை எட்டினால்தான் டைமரே நகரும். சூடு இல்லை என்றால் முள் அப்படியே நிற்க, டிரம் மட்டும் நாள் முழுவதும் சுற்றும். நேரம் குறிக்கும் முறையில் அதே முள் நகர்ந்தால் டைமர் பழுதில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஹீட் பம்ப் வகையில் சூடு இயல்பாகவே குறைவு என்பதால் இந்தச் சோதனை அதற்கு அவ்வளவாகப் பொருந்தாது.

முதல் ஐந்தும் நம் வேலை. ஆறாவதில் சூடு இல்லை என்று தெரிந்துகொள்வது வரை நம் வேலை. அதற்கு மேல் பழுது பார்ப்பவர் வேலை.

சலவையும் உலர்த்தலும் ஒன்றாக உள்ள இயந்திரம்

இடம் குறைந்த வீடுகளில் இரண்டும் ஒன்றாக உள்ள இயந்திரம் வாங்குகிறார்கள். இதில் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, துவைக்கும் அளவும் உலர்த்தும் அளவும் ஒன்றல்ல. 10 கிலோ துவைக்கும் இயந்திரம் ஒரே நேரத்தில் 5 முதல் 7 கிலோ வரைதான் உலர்த்தும். சரியான அளவு இயந்திரத்தின் மேல் ஒட்டிய தாளில் இருக்கும். துவைத்த அத்தனையையும் அப்படியே உலர்த்த விட்டால் மணிக்கணக்கில் ஓடும்.

இரண்டாவது, இந்த வகையில் பல இயந்திரங்கள் ஈரக்காற்றைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துகின்றன. துவைத்து முடிந்ததே என்று குழாயை அடைத்துவிட்டால், அல்லது தண்ணீர் விநியோகம் தடைப்பட்டு அழுத்தம் குறைந்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உலர்த்தல் முடிவதே இல்லை. தண்ணீர் வெட்டு அறிவித்த நாளில் இந்த இயந்திரத்தில் உலர்த்தல் வைக்காதீர்கள்.

இரண்டாம் வகை: சொல்லியும் நிற்காதது

கீழே உள்ள அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் பிளக்கைக் கழற்றிவிட்டு, பழுது பார்க்கும் வரை இயந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

* கதவைத் திறந்த பிறகும் டிரம் சுற்றிக்கொண்டே இருப்பது. கதவு சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைவிட ஆபத்தான பழுது வேறில்லை.

* நிறுத்தும் பொத்தானுக்கு இயந்திரம் பணியாமலிருப்பது, அல்லது சுவர் சுவிட்சைப் போட்டதுமே யாரும் தொடாமல் ஓடத் தொடங்குவது. மோட்டாருக்கு மின்சாரம் விடும் ரிலேயின் முனைகள் சூட்டில் உருகி ஒட்டியிருக்கலாம். மின்பலகையில் எறும்பு கூடு கட்டுவதும், பல்லி புகுந்து கருகுவதும் நம் நாட்டில் நடப்பவைதான்.

* டிரம் நின்ற பிறகும் சூடு ஏறிக்கொண்டே இருப்பது, துணி தொட முடியாத சூட்டில் வருவது, கருகிய வாடை. தெர்மோஸ்டாட் அல்லது சூட்டைக் கட்டுப்படுத்தும் ரிலே கெட்டிருக்கலாம்.

* டிரையரைப் போட்டதும் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படுவது. அறுந்த காயில் இரும்பு உடலில் பட்டு மின்கசிவு ஏற்பட்டிருக்கலாம். மின்பெட்டியில் உள்ள ஆர்.சி.சி.பி. உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளி ஓட்டிப் பார்க்காதீர்கள்.

ஆர்.சி.சி.பி.யில் ஒரு சிறிய டெஸ்ட் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். உடனே மின்சாரம் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அந்தக் காவலாளி தூங்கிவிட்டான் என்று பொருள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து மாற்றுங்கள். வீட்டு வயரிங் வேலையைப் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

பிளக்கும் வயரும்

சாதாரண டிரையர் 2,000 முதல் 2,500 வாட் வரை இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் தாங்கும் அளவு ஏறக்குறைய 3,000 வாட். அதாவது டிரையர் ஒன்றே அந்த பிளக்கின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. அதே நீட்டிப்பு வயரில் சலவை இயந்திரத்தையும் தண்ணீர்க் கொதிகலனையும் மாட்டினால் பிளக் உருகும். டிரையரைச் சுவர் பாயிண்டில் நேராக மாட்டுங்கள்.

செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். 2,000 வாட் முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடினால் மாதத்துக்கு 120 யூனிட் வரை வீணாகும். சூடு இடையிடையே நின்று ஓடுவதால் இது சற்றுக் குறையலாம். ஆனாலும் பஞ்சு வலையைக் கழுவ ஐந்து நிமிடம் செலவிடுவது எவ்வளவோ மேல்.

தீ ஆபத்தையும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2016 ஆகஸ்டில் லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதி அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் பல மாடிகளுக்குப் பரவிய தீக்குப் பழுதான டிரையரே காரணம் என்று அந்நகரத் தீயணைப்புப் படை கண்டறிந்தது. உறங்கும்போதும் வெளியே போகும்போதும் டிரையரை ஓடவிட வேண்டாம் என்று தீயணைப்புத் துறையினர் சொல்வது இதனால்தான்.

பழுது பார்ப்பவரிடம் கேட்க வேண்டியவை

கண்டறிந்ததை அப்படியே சொல்லுங்கள்: "நேரம் வைத்தால் நிற்கிறது, ஆட்டோவில் நிற்கவில்லை" அல்லது "கதவைத் திறந்தாலும் சுற்றுகிறது". வருபவருக்குப் பாதி வேலை மிச்சம். தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் கேட்பதும் கடினம்.

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் விற்ற கடை அல்லது நிறுவனத்தின் சேவை மையத்தைத்தான் முதலில் அழைக்க வேண்டும். வெளியாள் திருகாணியைக் கழற்றினால் உத்தரவாதம் போய்விடக்கூடும். வெளியாளைக் கூப்பிடுவதானால் எந்தப் பாகம், என்ன விலை, கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வாட்ஸ்ஆப் செய்தியாக இருந்தாலும் போதும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

"பியூசை எடுத்துட்டு டைரக்ட் கொடுத்துடலாம், செலவு கம்மி" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெப்ப பியூஸ் போவது சூடு எல்லை மீறியதன் அடையாளம். காற்று வழி அடைப்பை நீக்காமல் பியூசை மட்டும் மாற்றினால் அது மீண்டும் போகும். பியூசே இல்லாமல் டைரக்ட் கொடுத்தால் அடுத்த முறை போவது வீடாக இருக்கலாம்.

பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாக முடிக்கவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்த மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் எழுதி வாங்கிய விலையும் அங்கேதான் கைகொடுக்கும்.

வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு

பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்ய, அம்மா அப்பா மட்டும் ஊரில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். துணி காயவில்லையே என்று அன்போடு வாங்கிக் கொடுத்த இயந்திரத்தின் பொத்தான்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். நின்றுவிடும் என்று நம்பிப் பெரியவர்கள் அதைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது மூன்று வேலை செய்யுங்கள். சுவர் சுவிட்சுக்கு எளிதாகக் கை எட்டும்படி இயந்திரத்தை நகர்த்தி, சுவிட்சில் சிவப்பு நாடா ஒட்டுங்கள். ஆட்டோ முறையை விட்டு, 40 அல்லது 60 நிமிடம் என்று நேரம் குறிக்கும் முறையையே பழக்குங்கள். "இந்த நேரத்தைத் தாண்டி ஓடினால் சிவப்பு சுவிட்சை அடைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்" என்று சொல்லி, ஒருமுறை அவர்கள் கையாலேயே அடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காலம் மார்ச் வரை இருக்கிறது. டிரையரைப் போடுவதற்கு முன் பஞ்சு வலையைப் பாருங்கள். போட்ட பிறகு மணியைப் பாருங்கள். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காத இயந்திரத்தை ஒருநாள் கூட "இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று ஓட்டிப் பார்க்காதீர்கள்.